மந்திரமில்லா நாட்டில் செத்துப்போன மாப்பிள்ளை

ஓர் உலகத்தைப் படைப்பது பெரிய காரியமே இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டும், இரண்டு பேனாவும், தட்டிக்கேட்க ஆளில்லாத விடுமுறையும் இருந்தால் போதும். அந்த உலகத்துக்குள் மூன்று பேரை விட்டு அரை மணி நேரம் உயிரோடு வைத்திருப்பதுதான் கஷ்டம். கடவுளுக்கு அடுத்தபடியாக இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டவன் நான். (அவரைக் குறை சொல்கிறவர்களோடு அதற்குப் பிறகு நான் சேர்வதே இல்லை.)

2005இல் எனக்குப் பத்தொன்பது வயது. மரக்காணத்திலிருந்து பாண்டிச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் போய்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் ஒருவனுக்கு அவனுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து ஒரு விளையாட்டுப் புத்தகமும் விதவிதமான பகடைகளும் கொண்டுவந்து கொடுத்திருந்தார். விளையாட்டு இதுதான்: ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “குகைக்குள் நுழைகிறீர்கள், உள்ளே உறுமல் கேட்கிறது, என்ன செய்வீர்கள்?” என்று கதை சொல்பவர் கேட்பார். “வாளை உருவிப் பாய்கிறேன்” என்று நாம் சொல்லிப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் வெட்டு. சின்ன எண் விழுந்தால் நமக்கு வெட்டு. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இவ்வளவு உயிர் என்று ஓர் எண் உண்டு. அது தீர்ந்தால் ஆள் காலி.

எங்கள் வகுப்பு ஆட்டத்தில் நான் வாள்வீரன். ஆனால் கூட ஒரு மந்திரவாதி இருந்தான். கதவு பூட்டியிருந்தால் மந்திரம். பள்ளம் வந்தால் பறக்கிற மந்திரம். கை துண்டாகிப் போனாலும் இன்னொருவன் மந்திரம் சொல்லி ஒட்டவைத்துவிடுவான். வாள்வீரனுக்கு வேலையே இல்லை. மூன்று மாதம் அவர்களுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் என் நாடு பிறந்தது. என் நாட்டில் மந்திரமே கிடையாது. உழைப்பு, வியர்வை, யதார்த்தம். (அப்போது அந்தச் சொல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.) பகடைகளை இரவல் வாங்கி, புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, சிவப்பு மையால் மந்திரம், மந்திர வாள், காயம் ஆற்றும் மருந்து எல்லாவற்றையும் அடித்தேன். பூதங்களின் பக்கங்களை மட்டும் தொடவில்லை. படம் நன்றாக இருந்தது. ஆடுகிறவர்கள் கையில் இவ்வளவு மந்திரம் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தப் பூதங்களின் பலத்தை அளந்திருக்கிறார்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. மலைப்பாதையை அப்படியே வைத்துக்கொண்டு வண்டியின் பிரேக்கை மட்டும் கழற்றிப் போட்டிருந்தேன்.

அந்த ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா கலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். கலா பாண்டிச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதற்கு முன் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டு, “போய் போன் பண்றோம்” என்று சொல்லிப் போயிருந்தார்கள். போன் மட்டும் வரவில்லை. இந்த நாலாவது மாப்பிள்ளை பாஸ்கர், திண்டிவனம் பக்கத்தில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். அவர் போட்டோவைக் கலா பீரோவிலிருந்து இரண்டு தடவை எடுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் எதையும் இரண்டு தடவை பார்க்கிற ரகமில்லை.

பாஸ்கர், அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர் வேனில் வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காபி எல்லாம் ஒழுங்காக முடிந்தது. கிளம்பலாம் என்று எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வெளியே போய்ப் பார்த்துவந்த வேன் டிரைவர், ரோட்டில் முட்டி அளவுக்குத் தண்ணீர் ஓடுகிறது, வடிந்தால்தான் போக முடியும் என்று சொல்லிவிட்டார். பேசவேண்டியதைப் பேசி முடித்த இரண்டு குடும்பங்கள் ஒரே கூடத்தில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும்? எல்லாரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்டும் இல்லை.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்தார். “பாவம்டா, அவரு சும்மா உக்காந்துனு இருக்காரு. உள் ரூமுக்குக் கூட்டினு போயி எதுனா பேசினு இரு. நல்லதா பேசு.”

நல்லதாகத்தான் பேச நினைத்தேன். என் நாட்டைவிட நல்ல விஷயம் எனக்குத் தெரியாது.

உள் ரூமில் என் நண்பன் எழில் ஏற்கெனவே இருந்தான். எக்கியார்குப்பத்துக்காரன். மழைக்கு யாரும் கடலுக்குப் போகாததால் எங்கள் வீட்டுக்கு நாற்காலி தூக்கிப் போட வந்தவன். நான் பகடையை எடுத்ததும் பாஸ்கரின் முகம் மாறிவிட்டது.

“இருபது பக்கமா? ஒவ்வொண்ணும் சமபக்க முக்கோணம்! தம்பி, இத நான் போர்டுல வரைஞ்சிருக்கேன். கையில தொட்டதில்ல” என்று அதைக் குழந்தை மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கலா பஜ்ஜித் தட்டோடு வந்தாள். அம்மா அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. (அம்மா போட்ட கணக்கில் அன்று சரியாக வந்தது இது ஒன்றுதான்.) அவளும் ஆட்டத்தில் சேர்ந்தாள். அவள் வைத்தியச்சி. எழில், “கத்தியெல்லாம் எனக்கு வராது மச்சான், வலை குடு” என்றான். பாஸ்கர் வாள்வீரர். உயிர் ஒன்பது. அவருடைய தாளில் பெயர் என்ற இடத்தில் எழில் ‘மாப்பிள்ளை’ என்று எழுதிவைத்தான்.

மூவரும் வெள்ளை வெளேரென்ற ஓர் உப்புவெளியில் நடந்தார்கள். எதிரே உப்புப் பூதத்தை நிறுத்தினேன். பனை உயரம், உடம்பு முழுக்க உப்பு. எழுந்து நின்று பூதத்தின் குரலில் உறுமினேன். பாஸ்கர் சட்டைக் கையை மடித்துவிட்டுப் பகடையை உருட்டினார். பதினெட்டு!

“வெட்டிட்டேன்!” என்று குதித்தார்.

“வாள் பட்டுத் தெறிச்சிடுது சார். சாதாரண வாள் அதும்மேல பாயாது. மந்திர வாள் வேணும்.”

“சரி. அது எங்க கிடைக்கும்?”

“இந்த நாட்டுல மந்திரமே கிடையாது சார்.”

பாஸ்கர் என்னைப் பார்த்தார். பரீட்சைத் தாளில் தப்பான கேள்வியைக் கண்ட வாத்தியாரின் பார்வை. “அப்போ தம்பி, இந்தக் கணக்குக்கு விடையே இல்லையா?”

“அதான் சார் யதார்த்தம்.”

“ஓடிப்போறதுதான்டா யதார்த்தம். நான் ஓடறேன்” என்றான் எழில்.

“பூதம் உன்னவிட வேகமா ஓடும்” என்றேன் பெருமையாக.

பூதத்தின் முறை வந்தது. பகடையை உருட்டினேன். அடி பதினான்கு. ஒன்பது உயிரில் பதினான்கு போனால் என்ன மிச்சம் என்று கணக்கு வாத்தியாருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் எனக்குள் இருந்த படைப்பாளி சும்மா இருப்பானா? தாளைப் பார்த்து, இரண்டு கையையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினேன்.

“மாப்பிள்ளை செத்துட்டாரு!”

அதுவரை கூரையைப் பிய்த்துக்கொண்டு பெய்த மழை, சரியாக அந்த நொடியில் கொஞ்சம் ஓய்ந்திருந்தது.

கூடத்தில் ஒரு டம்ளர் விழுந்தது. முதலில் ஓடிவந்தவர் பாஸ்கரின் அம்மா. “எம்புள்ளைக்கு இன்னா ஆச்சி?”

‘ஒன்றுமில்லை’ என்று சொல்லப் பாஸ்கர் வாயைத் திறந்தார். வாயில் முழு வாழைக்காய் பஜ்ஜி. அது தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண் பிதுங்கி, முகம் சிவந்துவிட்டது. கலா யோசிக்கவே இல்லை. அவரை முன்பக்கமாகக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள். தாய்மாமன் ரூம் வாசலுக்கு வந்து பார்த்தபோது அவருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பார்க்கவந்த பெண் மாப்பிள்ளையைப் போட்டு அடித்துக்கொண்டிருக்கிறாள்.

பஜ்ஜி வெளியே வந்தது. பாஸ்கர் மூச்சு வாங்கிக்கொண்டு, “நான் இல்லம்மா… கதையில… கதையிலதான் செத்தேன்” என்றார்.

“நல்ல காரியம் பேச வந்த வூட்டுல இன்னா பேச்சுப்பா இது?” என்றார் தாய்மாமன். “அக்கா, சகுனமே சரியில்ல. கெளம்பு.”

அம்மாவின் கண் பகடைமேல் விழுந்தது. “தாயமாடா ஆடுன?” என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்பா எதுவும் பேசவில்லை. உப்பளத்தில் மேஸ்திரி அவர். சத்தம்போட்டு வேலை வாங்கியே பழகியவர். அவர் பேசாமல் நின்றால்தான் எனக்குப் பயம். கலாவைப் பார்த்தேன். அவள் பாஸ்கரின் தாளை முறைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது வரனை என் கையாலேயே துரத்திவிட்டேன் என்று புரிந்தது.

கிளம்பவும் முடியாது. ரோட்டில் தண்ணீர்.

கலாதான் வாயைத் திறந்தாள். “டேய், அவரு எப்படிடா சாவாரு?”

“அக்கா, வுடுக்கா…”

“வுட மாட்டேன். அடிபட்டா ஒடனே செத்துட்டாருன்னு எழுதிடுவியா? நான் எதுக்குடா பக்கத்துல நிக்கறேன்? ரத்தத்த நிறுத்தணும், கட்டுப் போடணும், மூச்சு இருக்கான்னு பாக்கணும். மந்திரத்ததான அடிச்ச? வைத்தியத்த எதுக்குடா சேத்து அடிச்ச?”

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. “பன்னெண்டுக்கு மேல விழுந்தா பொழச்சிக்குவாரு” என்று முனகினேன்.

கலா பகடையை உருட்டினாள். இரண்டு குடும்பமும் குனிந்து பார்த்தது. பதினாறு.

“இன்னா விழுந்துது? பொழச்சிட்டானா?” என்றார் பாஸ்கரின் அம்மா.

“பொழச்சிட்டாரும்மா” என்றேன்.

அந்த அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார். “எம்புள்ளைய அடிச்சானே, அவன் இப்ப இன்னா பண்றான்?”

“யாரு, பூதமா? எதிர்ல நிக்கிதும்மா. அடுத்த அடி அடிக்கப் போவுது. உடம்பெல்லாம் உப்பு, கத்தி பாயாது.”

“அங்க மழ பெய்யுதா?”

“எங்கம்மா?”

“உன் கதையிலப்பா.”

நோட்டில் அதைப் பற்றி எதுவும் எழுதியிருக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தேன். மழை மறுபடி வலுத்திருந்தது. “பெய்யுதும்மா.”

“அப்பறம் கத்தி எதுக்கு? உப்பு மழையில நிக்குமா? இவங்கப்பா போனப்பறம் இருவது வருசம் உப்பளத்துல வேல செஞ்சி இவன படிக்கவச்சவ நான். மல மாரி குமிச்சி வச்ச உப்பு ஒரே மழையில கரைஞ்சி ஓடுனத எத்தினி தடவ பாத்திருக்கேன், தெரியுமா? வயிறு எரிஞ்சி அழுதிருக்கேன். அந்தப் பாழாப்போன மழ ஒரு தடவயாவது நமக்கு ஒதவட்டுமே.”

அப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். “உப்பு தண்ணியில கரையும்னு தெரியாதாடா உனக்கு? நீ இன்னா மரக்காணத்துக்காரன்?”

முதலில் சிரித்தவர் பாஸ்கர். அப்புறம் கலா. அம்மா சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தார்.

எழில் எழுந்து நின்றான். “மச்சான், பூதம் எங்கனா கூரைக்குக் கீழ ஒதுங்கிடப் போவுது. நான் வலைய போட்டு புடிச்சி வைக்கறேன், மழையில நல்லா நனையட்டும்.” வலை ஆயுதமில்லை, பாய வேண்டிய அவசியமுமில்லை. அதைத் தடுக்கிற விதி என்னிடம் எதுவும் இல்லை. அவன் பகடையை எடுக்கப் போனபோது, வாசற்படியில் நின்றிருந்த தாய்மாமன் தொண்டையைச் செருமினார். “இங்க குடு. நான் ஒண்ணு போட்டுப் பாக்கறேன்.”

சகுனம் சரியில்லை என்று சொன்னவர் போட்டது இருபது. அதற்குமேல் அந்தப் பகடையில் எண்ணே கிடையாது. உப்புப் பூதம் முழங்கால் வரை கரைந்து, இடுப்பு வரை கரைந்து, கடைசியில் வாய்க்கால் வழியாக ஓடியே போய்விட்டது. அப்பா எல்லாருக்கும் இன்னொரு முறை காபி போடச் சொன்னார்.

சாயங்காலம் ரோட்டில் தண்ணீர் வடிந்தது. வேனில் ஏறும் முன் பாஸ்கரின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “எம்புள்ள செத்துட்டான்னு உம்புள்ள கத்தறான். நானும் கத்தறேன். எந்தம்பி கெளம்புங்கறான். காப்பாத்த இன்னா வழின்னு பாத்தது உம்பொண்ணு ஒருத்திதான். அதுக்கு விருப்பம்னா தையில வச்சிக்கலாம்.” கலா கதவுக்குப் பின்னால் இருந்தாள். அவளிடம் போய்க் கேட்டபோது, “சரின்னு சொல்லும்மா, மழ மறுபடி வந்துடப் போவுது” என்றாள்.

தையில் கல்யாணம் முடிந்தது. நோட்டை எடுத்து என் நாட்டை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். மந்திரம் இப்போதும் கிடையாது. ஆனால் கட்டுப்போட ஆள் உண்டு, ஓய்வெடுக்க இடம் உண்டு, தப்பி ஓட வழி உண்டு. ஒவ்வொரு பூதத்துக்கும், சாதாரண மனுஷர்கள் சேர்ந்து உட்கார்ந்து யோசித்தால் அகப்படுகிற ஒரு பலவீனம் உண்டு. கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்தவர் பாஸ்கர் மாமா. ஒவ்வொரு மழைக்காலமும் ஆடினோம். மாமா அதற்குப் பிறகு சாகவே இல்லை. அக்கா விடவில்லை.

எனக்குத்தான் விடிவில்லை. எங்கள் குடும்பத்தில் எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், என் இலையில் உப்பு வைக்கிறவர் ஒரு நொடி நின்று, “பாத்துப்பா, இது கரையும்” என்று சொல்லாமல் நகர்வதில்லை. என் கல்யாணப் பந்தியில் என் மாமனாரே வந்து சொன்னார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை. அவருக்குப் பின்னால் பாஸ்கர் மாமாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார்.

போன விடுமுறையில் அக்கா மகள் ஒரு நோட்டோடு வந்தாள். தானே ஓர் உலகம் எழுதியிருக்கிறாளாம். அதிலும் மந்திரம் கிடையாது. கட்டிலில் என்னை உட்காரவைத்து, கையை விரித்து, சர்க்கரையால் ஆன ஒரு ராட்சசனைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“கத்தி பாயாது, மழையும் கிடையாது, சித்திர மாசம். இன்னா மாமா பண்ணுவ?”

வீடே திரும்பிப் பார்த்தது. நான் அவசரப்படவில்லை.

“அந்த ஊர்ல எறும்பு இருக்கா?”

அவள் நோட்டைப் புரட்டினாள், உதட்டைக் கடித்தாள், பிறகு சிரித்துக்கொண்டே பகடையை என் கையில் வைத்தாள். “உருட்டு மாமா.”

அடுப்படியிலிருந்து பாஸ்கர் மாமாவின் அம்மாவின் குரல் கேட்டது: “பரவால்ல, தேறிட்டான்.”