வாய் ஒன்று, வாசிப்பு இரண்டு

வாத்தியத் துறையும் இசையியல் துறையும் இணைந்து ஒரே முதுகலைப் படிப்பான நன்னாளில், இறுதித் தேர்வுக்கு விதி எழுதும் பொறுப்பு தேர்வுப் பிரிவு எழுத்தரான என் தலையில் விழுந்தது. ஒரு துறையில் வாத்தியம் வாசிக்க வேண்டும். இன்னொன்றில் ஆய்வேட்டை வாசிக்க வேண்டும். இரண்டும் வாசிப்புதானே என்று, காகிதச் சிக்கனம் கருதி ஒரே வரியில் முடித்தேன்: "மாணவர், தேர்வுக் குழுவின் முன் நாற்பது நிமிடம் வாசிக்க வேண்டும்."

இரண்டு வருடம் வயலின்காரர்களாகவே வந்ததால் விதி பிழைத்தது. அந்த ஒரே நாற்பது நிமிடத்தில் கை ஒன்றை வாசிக்க, வாய் மற்றதை வாசித்தது. கேட்கச் சகிக்காது, ஆனால் விதிக்கு உட்பட்டிருந்தது. மூன்றாம் வருடத் தேர்வுக்கு ஒரு புல்லாங்குழல்காரி வந்து சேர்ந்தாள்.

"சார், ஊதுற வாயாலதானே படிக்கவும் முடியும்? ரெண்டையும் ஒண்ணா எப்படிச் செய்யறது?" என்று தேர்வுக்கு நான்கு நாள் முன்னால் வந்து நின்றாள். ஒரு பள்ளியில் இசை ஆசிரியர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. பட்டம் இல்லாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

தேர்வு அதிகாரியிடம் அழைத்துப் போனேன்.

"உங்களுக்கு ஒரு வாய்தான்னு ஆதாரம் இருக்கா?"

"பார்த்தாலே தெரியுதே சார்."

"நான் பாக்கறது ஃபைலைம்மா. டாக்டர் சர்டிஃபிகேட் கொண்டு வாங்க."

பல் மருத்துவர் எழுதிக் கொடுத்தார்: "பரிசோதித்ததில் வாய் ஒன்று. கூடுதல் வாய் தென்படவில்லை." அதிகாரி அதற்கு முத்திரை குத்தி, 'வாய்ப் பற்றாக்குறை விதிவிலக்குக்குரிய காரணமாகாது' என்று கீழே எழுதினார்.

"அப்ப ஊத மட்டும் செஞ்சா?"

"இசையியல்ல ஃபெயில்."

"படிக்க மட்டும் செஞ்சா?"

"வாத்தியத்துல ஃபெயில்."

"சத்தமே வராம ரெண்டையும் வாசிச்சா?"

அதிகாரி விதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தத்தைப் பத்தி இதுல ஒண்ணும் போடலையே!"

தேர்வன்று ஆய்வேட்டை முன்னால் விரித்து வைத்து, குழலை உதட்டில் பொருத்தினாள். விரல்கள் துளைகளில் ஓடின, கண்கள் வரிகளில் ஓடின. ஊதவில்லை. வாய் திறந்து படிக்கவும் இல்லை. வாத்தியப் பேராசிரியர், தனக்குக் காது மந்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று தலையாட்டினார். அதைப் பார்த்த இசையியல் பேராசிரியர் அவசரமாகக் குறிப்பெடுத்தார். பின்வரிசையில் யாரோ "ஆஹா" என்றார்கள். நாற்பது நிமிடமும் மண்டபம் அசையவில்லை. முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன், சம்பளம் வாங்குகிறவன் இல்லையா.

முதல் வகுப்பு கிடைத்தது. 'மேல் ஸ்தாயியில் இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும்' என்று ஒருவரும், 'உச்சரிப்பு அருமை' என்று மற்றவரும் எழுதியிருந்தார்கள்.

"வாழ்த்துகள்மா, ரொம்ப நல்லா வாசிச்சீங்க" என்றேன். சொன்ன பிறகுதான் வெட்கம் வந்தது.

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. குழலை உறையில் போட்டபடியே சொன்னாள்:

"ரெண்டு வருஷமா இதே ஹால்ல ஊதியிருக்கேன் சார். ஒருத்தர்கூட செல்போனைத் தொடாம கேட்டது இன்னைக்குத்தான்."