டூனா மீனுக்காக நின்ற வாசிப்பு

அன்பும் அதட்டலும் சம அளவில் கலந்த என் அக்கா செல்மாவுக்கு,

தம்பி இர்வின் வணக்கத்துடன் எழுதுவது. நியூஜெர்சியில் அனைவரும் மாத்திரைகளின் தயவில் சுகம். ஃப்ளோரிடா வெயிலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று தெரிவிக்கவும்.

என் மகள் டாஃப்னாவுக்கு நீ உடனே போன் போட்டு, கொஞ்ச நாளைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்ல வேண்டும். யூதக் குருவாக, ராபியாக, அவள் பார்க்கும் வேலையை நீட்டிப்பதா வேண்டாமா என்று ஜூன் மாதம் எங்கள் ஜெப ஆலயத்தில் ஓட்டெடுப்பு. நான் சொன்னால் சிரிக்கிறாள். அத்தை சொன்னால் கேட்பாள்.

எல்லாம் அந்தப் பயிற்சியால் வந்த வினை. உலகத்தில் எங்கெங்கோ வதைபடுகிறவர்களுக்காக ராபிகள் எப்படி வாதாட வேண்டும் என்று நியூயார்க்கில் சொல்லிக்கொடுத்தார்களாம். பெரிய மனிதரிடம் ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசவே கூடாது, இதுதான் முதல் பாடம். வீட்டுக்கு வந்து என்னிடம் பழகிப் பார்த்தாள். "அப்பா, டாக்டர்கிட்ட எப்ப போறீங்க?" என்று கேட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சூப் ஆறிப்போனது, வியாழக்கிழமை போகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். காலமெல்லாம் பல் டாக்டராக இருந்தவன் நான், ஊரார் வாயைத் திறக்கவைத்தே பிழைத்தவன், என்னிடமே இந்த வேலை.

அதோடு விட்டாளா? ஓய்வுநாள் தொழுகையில் தோரா வேதச் சுருளை விரித்தாயிற்று, வாசிப்பவர் தொண்டையைச் செருமியாயிற்று, இவள் மேஜையைத் தட்டி நிறுத்திவிட்டாள். அநியாயத்துக்கு ஆளானவன், ஊரார் காதுகொடுக்கும்வரை வாசிப்பைத் தடுக்கலாம் என்று நம்மிடம் ஒரு பழைய வழக்கம் உண்டே, கொள்ளுத்தாத்தா காலத்தோடு ஒழிந்தது என்று நிம்மதியாக இருந்தோமே, அதைத் தூசி தட்டி எடுத்திருக்கிறாள். "தொழுகை முடிஞ்சு நாம சாப்பிடப்போற டூனா மீனைப் பிடிச்சவங்களை ரெண்டு வருஷமா கப்பலை விட்டு இறங்க விடல. அவங்களால இங்க வந்து மேஜையைத் தட்ட முடியாது. அதான் நான் தட்டுறேன்" என்றாள். எல்லோரும் செனட்டருக்கு எழுத வேண்டுமாம். ஓய்வுநாளில் பேனாவைத் தொடக் கூடாது என்பதால் கையைத் தூக்கி வாக்குக் கொடுக்கச் சொன்னாள். பசியில் பாதிப் பேர் தூக்கினார்கள். ஆலயத் தலைவர் மோர்ட் க்ளிக்ஸ்டைன் தூக்கவில்லை. வாராவாரம் அந்த டூனாவைப் பிசைந்து கொண்டுவருவது அவர் மனைவி.

அடுத்த வாரம் பெர்னிஸ் என்கிற கிழவி ஏசி குளிருகிறது என்று வாசிப்பை நிறுத்தினாள். அதற்கடுத்த வாரம் பின்வரிசை நாற்காலி கிறீச்சிடுகிறது என்று ஒருவர். சாப்பாடு தள்ளிக்கொண்டே போனது. சென்ற வாரம் மோர்ட்டே மேஜையைத் தட்டி, "ஜூன் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? இவங்க வேணுமா வேண்டாமான்னு இப்பவே கை தூக்குங்க" என்றார். டாஃப்னாவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா, அவள் அம்மா இறந்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. தாங்க முடியவில்லை. எழுந்து போய் நானும் மேஜையைத் தட்டினேன். "மோர்ட், ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவ சொன்னது பொய்யா?" பிறகு வாயைத் திறக்கவில்லை. யாரும் இருமக்கூட இல்லை, வயிறுகள் மட்டும் பேசிக்கொண்டன. கடைசியில் மோர்ட், "பொய் இல்லப்பா. வாசிக்கச் சொல்லு" என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஜூன் இன்னும் வரவில்லை. வாராவாரம் இப்படி எழுந்து நிற்க என் இதயத்தில் தெம்பில்லை. உலகத்துக்கு நல்லது செய்யட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்கள், வேலை உறுதியான பிறகு செய்யட்டும். நீதான் அவளை அடக்கிவைக்க வேண்டும்.

நூற்று இருபது வயதுவரை நீ நடமாட்டத்தோடு இருந்து எங்களை எல்லாம் அதட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

உன் தம்பி,
இர்வின்

பி.கு.: போன் போடாதே. உறையை ஒட்டும்போது டாஃப்னா வந்தாள். செனட்டரைப் பார்க்கச் செவ்வாய்க்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது. நானும் போகிறேன். கார் ஓட்டுவது மோர்ட். வழிக்கு அவர் மனைவி முட்டை சாண்ட்விச் கட்டித் தருகிறாள். ஜூனில் வேலை போனால் போகட்டும். போனால் நாங்கள் இருவரும் உன் வீட்டுக்கு வந்துவிடுகிறோம், அந்த ஓரத்து அறையைக் காலிசெய்து வை. உங்கள் ஊர் செனட்டர்தான் இன்னும் பிடிகொடுக்கவில்லையாம். அங்கேயே இருந்தால் தினமும் போய்ப் பார்க்க வசதி.