மௌனத்தின் நடுவே ஒரு பொன்னாடை

புக்கிட் பாஞ்சாங்,
டிசம்பர் 2

மரியாதைக்குரிய அத்தான் திரு. பரமசிவம் அவர்களின் சமூகத்திற்கு, மைத்துனன் அழகேசன் வணங்கி எழுதிக்கொள்வது. நான் இங்கே மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகும். தாங்களும் அக்காவும் அமோகமாக இருக்கிறீர்கள் என்பது இன்று காலை தாங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய ஆறு பூங்கொத்துப் படங்களிலிருந்து தெரிந்தது. இதையும் அதிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் முதல் வரியைப் பார்த்ததுமே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் தபால்தலை ஒட்டுகிறேன்.

விஷயம் இதுதான். தங்கள் வட்டாரத் தமிழ்க் குழுவின் ஆண்டிறுதி விருந்துக்கு நான் பியானோ வாசிக்க வரமாட்டேன். இந்த ஆண்டு மட்டுமல்ல, இனி எந்த ஆண்டும்.

ஹோட்டல் வரவேற்புக் கூடத்தில் முப்பது வருடமாக வாசிக்கிறேன். ஊரே என் வாசிப்பில் கேக் தின்றிருக்கிறது, ஒருவர்கூட முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதில்லை. அதனால்தான் மூன்று ஆண்டு உட்கார்ந்து எழுதிய பன்னிரண்டு நிமிட உருப்படியை ஒருமுறையாவது நாலு பேர் முன்னால் முழுசாக வாசித்துவிட வேண்டும் என்று செப்டம்பரில் தங்களிடம் வாயைத் திறந்தேன். "நம்ம புளோக் கீழயே வச்சிருவோம் லா, நம்ம ஆளுங்க கேக்காம வேற யாரு கேப்பா?" என்று அடுக்குமாடியின் கீழ்த்தளத்தைக் காட்டினீர்கள். நம்பினேன். அன்றைக்குச் சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் தாமதம், அவர் வரும்வரை சும்மா லேசாக எதையாவது வாசிக்கச் சொன்னீர்கள், அவர் வந்ததும் நிறுத்தச் சொன்னீர்கள், பிறகு வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை, எல்லாம் முடிந்து நான் ஆரம்பித்த இரண்டாம் நிமிடத்தில் பீஹூன் நூடுல்ஸ் பந்தி வரிசையை ஒழுங்குபடுத்த மைக்கைப் பிடித்தது யார் அத்தான்? நானா?

சரி, போகட்டும் என்று விட்டேன். தீபாவளிக் கலைநிகழ்ச்சிக்கு லிட்டில் இந்தியா மண்டபத்தில் பியானோ தயார் என்றீர்கள். போய்ப் பார்த்தால் தங்கள் மகள் ரக்ஷனா ஆறு வயதில் வாசித்த கீபோர்டு, அதுவும் துணி தேய்க்கும் பலகைமேல். எண்பத்தெட்டுக் கட்டைக்கு எழுதியதை நாற்பத்தொன்பது கட்டையில் வாசித்தேன். இடது கைக்குப் பாதி நேரம் தொட ஒன்றுமே இல்லை, பலகை வேறு அழுத்த அழுத்த ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போனது, அதை முழங்காலால் தாங்கிக்கொண்டு எப்படியோ நாலாம் நிமிடத்துக்கு வந்தால் அதிர்ஷ்டக் குலுக்கல் ஆரம்பமாகிவிட்டது. நிறுத்தட்டுமா என்று கண்ணால் கேட்டேன். "நீ பாட்டுக்கு வாசி, பின்னணியா நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ரைஸ் குக்கர் யாருக்கு விழுந்தது என்று அறிவித்தீர்கள். அன்று பலத்த கைதட்டல். ரைஸ் குக்கருக்கு.

போதும் சாமி என்று நகரத்தில் எண்பது இருக்கை உள்ள சின்ன அரங்கத்தை நானே எடுத்தேன். உண்மையான பியானோ. தங்களை அழைக்கவில்லை, அதை மறைக்கவில்லை. அக்காவிடம் வாய்தவறிச் சொன்னேன், தாங்கள் பேருந்து வைத்து முப்பத்தெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதையும் எழுதிவிடுகிறேன். ஆனாலும் வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டேன்: நான் எழுந்து தலைவணங்கும் வரை மைக் கூடாது, பொன்னாடை கூடாது, யாரும் எழுந்திருக்கக் கூடாது. "சரிடா, நான் என்ன சின்னப் புள்ளையா?" என்றீர்கள்.

தாள் இல்லாமல், மனப்பாடமாக வாசித்தேன். ஒன்பது நிமிடம் ஒருவர்கூட இருமவில்லை. பீஹூன் வரிசையில் அடித்துக்கொண்ட அதே ஆட்கள் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஒன்பதாம் நிமிடத்தில் என் உருப்படியில் ஒரு மௌனம் வரும். எட்டு எண்ணிக்கை. அதற்குப் பிறகு வரும் மூன்று நிமிடத்துக்காகத்தான் மற்ற ஒன்பதையும் எழுதினேன். அந்த மௌனத்தில், அத்தான், நீங்கள் எழுந்தீர்கள். கைதட்டினீர்கள். அக்காவின் பையிலிருந்து பொன்னாடையை உருவிக்கொண்டு மேடைக்கே வந்து, என் இரண்டு கையையும் சேர்த்து இறுக்கிப் போர்த்தினீர்கள். முப்பத்தெட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். யாரோ செல்ஃபிக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை இன்றுவரை கேட்டது, சத்தம் தாங்கவில்லை என்று புகார் கொடுக்கும் என் கீழ்வீட்டுக்காரர் மட்டும்தான்.

எனக்கு ஐம்பத்தொரு வயசாகிறது. மனசு விட்டுப் போச்சு. உங்களுக்குப் பாட்டு முடிஞ்சுதா முடியலையான்னு என்னைக்குமே தெரிஞ்சதில்ல, பந்தி முடிஞ்சுதான்னுதான் தெரியும். அக்காவைக் கட்டிய நாள்முதல் இன்றுவரை, நான் வாசிக்கும்போது ஒரு நிமிடமாவது என்னை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா?

அக்காவின் மூட்டுவலி குறையட்டும். ரக்ஷனா தேர்வில் நன்றாகத் தேறட்டும். தங்கள் குழு நானில்லாமல் மேன்மேலும் ஓங்கட்டும். பொன்னாடையைத் துவைத்து மடித்து இத்துடன் அனுப்புகிறேன், அடுத்த ஆளுக்கு உதவும்.

தங்கள் மைத்துனன்,
அழகேசன்

பி.கு.: பொட்டலத்தை ஒட்டப் போகும்போது ரக்ஷனா, தங்கள் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த வீடியோவை அனுப்பினாள். எட்டு எண்ணிக்கை என்றால் ஆறு நொடி. அதில் நான் நாற்பத்தொரு நொடி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு அடுத்தது மறந்துபோய்விட்டது அத்தான். நானே எழுதியது. அதை யாரிடமும் சொல்லவில்லை. மேலே இவ்வளவு எழுதியும் சொல்லவில்லை. முப்பதாவது நொடியில் தாங்கள் அக்காவிடம் கிசுகிசுப்பது கேட்கிறது: "ரத்தினம், அழகு முழிக்கிறான். சால்வைய எடு, சீக்கிரம்."

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை, பீஹூன் விஷயம் உண்மைதான். விருந்துக்கு வருகிறேன். தாளைப் பார்த்து வாசிக்கிறேன். பொன்னாடையைப் பொட்டலத்திலிருந்து எடுத்துவிட்டேன், அது என்னிடமே இருக்கட்டும்.