மருதேவி சீட்டைக் கவிழ்த்த விவரம்

திருவண்ணாமலை
14-9-1978

அன்புள்ள மைத்துனர் சக்கரவர்த்தி நயினார் அவர்களுக்கு, ஸ்ரீபால் வணக்கத்துடன் எழுதுவது. அருகன் அருளால் கீழ்பென்னாத்தூரில் நெல்லும் கடலையும் மாடும் மனிதரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுதுவது வழக்கம். வழக்கத்தை நான் மீறவில்லை.

தங்கை மருதேவியை ஆபரேஷனுக்கு வேலூர் அழைத்துப் போகாமல் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். சீட்டாடிக்கொண்டிருந்தேன். கோபப்படாமல் மேலே படிக்கவும்.

வயிற்றுக் கட்டியை அறுத்து எடுக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லி ஒன்றரை மாதம் ஆகிறது. மருதேவி வரமாட்டேன் என்கிறாள். எடுத்துச் சொன்னேன், கத்தினேன், ஒரு நாள் அழுதும் பார்த்தேன். காபி கொண்டுவந்து வைத்தாள். பிறகுதான் நம் பின்னறையில் குடியிருந்த ஜெர்மன்காரர் ஞாபகத்துக்கு வந்தார். தியானம் அலுத்துப்போன சாயங்காலங்களில் எனக்கு போக்கர் என்ற சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போன மனிதர். இருவர் ஆடலாம். ஆளுக்கு ஐந்து சீட்டு, வேண்டாததைப் போட்டு வேறு எடுக்கலாம், ஒரே மாதிரி சீட்டு சேரச் சேரக் கை பெரிது. ஒன்றுமே சேராவிட்டாலும் சேர்ந்தது போல முகத்தை வைத்துக்கொண்டு பந்தயத்தை ஏற்றினால், எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்துவிடுவார்; கையைக் காட்டாமலே ஜெயம் நமக்கு. முப்பத்திரண்டு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவனுக்கு இதில் புதிதாகக் கற்க எதுவும் இல்லை.

சமணக் குடும்பத்தில் பிறந்தவனுக்குச் சூது ஆகாது என்பது தெரியும். ஆகவே காசு வைக்கவில்லை. பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்து, நம் வழக்கப்படி விரதத்தையே பந்தயமாக வைத்தோம்: தோற்றவர் ஒரு வாரம் ஒரு பொருளை விட வேண்டும். இதுதான் நான் செய்த தப்பு. மோரை வெச்சேன், கவிழ்க்காம "இருக்கேங்க"ன்னா. வெல்லத்தையும் சேத்தேன், "இருக்கேங்க." சீட்டைக் காட்டுன்னேன்; ரெண்டு, நாலு, ஏழு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டல. "இதை வெச்சிக்கிட்டா இருந்தே?"ன்னு கேட்டா, "தோத்தா விரதம்தானே, நல்லதுதானே? நீங்க ஏன் மூஞ்சை அப்படி வெச்சிக்கிறீங்க, பல்லு வலியா?" இன்னொரு நாள் மூணு ராஜாவுல ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டு ரெண்டாம் நம்பர் சீட்டை வெச்சிருக்கா. ஏன்னு கேட்டா, "சின்னது, பாவம்"னு சொல்றா. ஒரு தடவைகூடக் கவிழ்த்ததில்லை.

பொய் முகம் பலிப்பது இழக்கப் பயப்படுகிறவரிடம் மட்டும்தான். எழுதக் கை கூசுகிறது, மச்சான். உங்கள் தங்கைக்கு அந்தப் பயம் இல்லை. மோரையும் வெல்லத்தையும் விட்ட மாதிரியே மற்றதையும் விடத் தயாராகிவிட்டாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நேற்று சாயங்காலம் சொன்னேன், "ஒரே ஆட்டம். நீ தோத்தா வேலூருக்கு வரணும்."

"நீங்க தோத்தா?"

"அந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

சொன்ன பிறகுதான் எதைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன் என்று தெரிந்தது. சீட்டைப் பிரித்தால் ஒரு ஜோடிகூட இல்லை. மூன்றை மாற்றினேன், இன்னும் மோசம். வேறு வழி? "தோத்தா ஆயுசுக்கும் உப்பை விடறேன்"னு ஏத்திட்டேன். அவள் தன் சீட்டை ஒரு தரம் பார்த்தாள், பிறகு என்னை.

"உப்பில்லாம எப்படிங்க சாப்பிடுவீங்க?"

"ஜெயிக்கப் போறவனுக்கு அந்தக் கவலை எதுக்கு?"

சீட்டை விசிறி மாதிரி வீசிக்கொண்டேன். கவிழ்த்துட்டா மச்சான்! "சரி, திங்கக்கிழமை எத்தினி மணிக்கு பஸ்?"ன்னா. நான் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். இரண்டு தடவை கழுவ வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேரவும். என் கையில் ஒன்றுமில்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். ஆட்டம் செல்லாது என்பாள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, கடலைக்கு மழை.

இப்படிக்கு,
ஸ்ரீபால்

பின்குறிப்பு: அண்ணா, மருதேவி எழுதறேன். பஸ் டைம் கேக்கப் போனவர் இந்தக் கடுதாசியைப் பஞ்சாங்கத்துக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கார். நாள் பாக்க எடுத்தேன். இதை எழுதிக் கவரை ஒட்டி அங்கயே வெச்சிடறேன், தானே ஒட்டினதா நெனச்சுப்பார். அவர் கையில ஒண்ணும் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். என் கையில நாலு பத்து இருந்தது. போன தடவை இவர் மருந்து வாங்க வரிசையில நின்னப்ப டாக்டரம்மாவை நானே கேட்டேன். பரவிடுச்சாம். அறுத்தாலும் தை மாசம் வரைக்கும், அறுக்காட்டியும் தை மாசம் வரைக்கும். அதான் வேணாம்னு இருந்தேன். ஆனா கூட்டிட்டுப் போய்ப் பாத்தோம்னு ஒரு ஆறுதலாவது அவருக்கு வேணுமில்ல? அவருக்கு இது எதுவும் தெரியாது. நீங்க அழுதுக்கிட்டு வராதீங்க. சீட்டுல அவரை யாராலயும் ஜெயிக்க முடியாதுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லுங்க.