சூப் ஆறிய விருந்து

ஆங்கில முறைப்படி அமைந்த பகல் விருந்தொன்றில் அமர்ந்து, கத்தியும் முள்கரண்டியும் பிடித்து, ஐந்து பதார்த்தங்களையும் வரிசை தவறாமல் உண்டு முடித்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குமாஸ்தாக்களில் நானே முதல்வன். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, தகவலாகவே சொல்கிறேன். தற்பெருமையாகச் சொல்ல நினைத்திருந்தால் இன்னும் விரிவாகச் சொல்லியிருப்பேன்.

அந்த விருந்து எனக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. புதிய கால அட்டவணையின் அச்சுப்படியை நான் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, கிள்ளானிலிருந்து வரும் சரக்கு வண்டியும் கிள்ளானுக்குப் போகும் பயணிகள் வண்டியும் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே சந்திக்கும்படி அச்சகத்தார் எண்களை மாற்றிக் கோத்திருந்ததைக் கண்டுபிடித்தேன். எங்கள் துரை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தம் மனைவி சீமைக்குப் போயிருப்பதால் வீட்டில் விருந்து வைக்க வழியில்லை என்றும், ஞாயிற்றுக்கிழமை பகலில் பெரிய ஹோட்டலுக்கு என்னையும் மிஸஸ் சபாபதியையும் அழைப்பதாகவும் சொன்னார். போகிற போக்கில், தலைமைக் குமாஸ்தா பதவிக்குக் காலத்தோடு முன்னேறுகிற ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பதாகவும் சொல்லி வைத்தார்.

அந்தப் பதவியின்மேல் எனக்கு ஒன்பது ஆண்டுகளாகக் கண். பக்கத்து வீட்டுக் கார்த்திகேசுவுக்கும் அதன்மேல் கண். ஆகவே அந்தச் சாப்பாட்டு மேசைதான் எனக்குப் பரீட்சை மண்டபம் என்பது புரிந்துவிட்டது.

என்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. மரியாதை முறைகளைக் கூறும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி, பாத்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தை மனப்பாடம் செய்துவிட்டேன். கவலையெல்லாம் என் மனைவி புஷ்பவல்லியைப் பற்றித்தான். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. முள்கரண்டியை அவள் பார்த்ததும் இல்லை என்று நான் நம்பினேன்.

எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டு. நான் உண்டு எழுந்த பிறகே அவள் உண்பாள். பத்திரிகை படித்துக்கொண்டே உண்பது என் வழக்கமாதலால், விடுமுறை நாட்களில் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மணமான எட்டாம் ஆண்டில், இருவரும் சேர்ந்தே உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்று அவள் ஒரு முறை கேட்டாள். நான் இலையில் கை வைத்தபடியே என் முன்னோர்களின் பெருமையைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அதை நான் என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

பயிற்சி மூன்று வாரம் நடந்தது. பெட்டாலிங் ஸ்திரீட்டில் பழைய சாமான் விற்கும் சீனரிடம் கரண்டிகளும் முள்கரண்டிகளும் வாங்கினேன். கத்திக்குப் பதிலாக அலுவலகத்து அடிக்கோல். கோழிக்குப் பதிலாக இட்லி. முதல் நாள் நான் வெட்டிக் காட்டிய இட்லி ஜன்னல் வழியாகக் கார்த்திகேசு வீட்டுக் கொல்லையில் போய் விழுந்தது. புஷ்பவல்லி சிரிக்கவில்லை. மிகவும் பணிவாக இன்னோர் இட்லி வைத்தாள்.

ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி, கரண்டியை வெளிப்பக்கமாகத் தள்ளி மொள்ள வேண்டும் என்று காட்டினேன்.

"நம்ம பக்கம் இழுக்காம எதுக்குங்க அந்தப் பக்கம் தள்ளணும்?"

"அதுதான் நாகரிகம்."

"பசிக்கிறவங்க தன் பக்கந்தானே இழுப்பாங்க?"

"பசிக்குதுன்னு காட்டிக்கக் கூடாது. அதுக்குத்தான் தள்ளுறது."

"பசியைக் காட்டிக்காம இருக்கிறது எனக்குப் பழக்கந்தாங்க," என்றாள்.

மூன்று வாரம் முடிந்தும் அவள் முள்கரண்டியைத் துடைப்பம் போலவே பிடித்தாள். எனவே இறுதியாக ஒரே ஒரு விதியை வகுத்தேன்.

"நான் எடுத்தா எடு. நான் வச்சா வை. நான் தொடாம நீ எதையும் தொடாதே. புரிஞ்சுதா?"

"நீங்க சொன்னதுல இம்மி பிசகமாட்டேங்க."

அந்தப் பணிவைக் கண்டு எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிறன்று ரிக்ஷாவில் போய் இறங்கினோம். எனக்குக் கோட்டு, கழுத்தில் டை. அவளுக்குக் கத்தரிப்பூ நிறப் பட்டுச் சேலை. கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு; அதன்மேல் தட்டின் இருபுறமும் அணிவகுத்த வெள்ளிச் சாமான்கள். ஐந்து பதார்த்தங்களின் பெயர்களை அச்சடித்த அட்டையை நான் உரக்கப் படித்தேன். துரை தலையசைத்தார். பரீட்சையின் முதல் வினாவில் தேறிவிட்டேன்.

வெள்ளைக் கோட்டு அணிந்த ஹைனான் சீனர் ஒருவர் கோழி சூப்பைக் கொண்டுவந்து முதலில் புஷ்பவல்லியின்முன் வைத்தார், பிறகு எங்களுக்கு.

துரை கரண்டியைத் தொடவில்லை. புன்னகையோடு உட்கார்ந்திருந்தார். விருந்தளிப்பவர் தொடங்காமல் விருந்தினர் தொடங்கலாகாது என்பது என் புத்தகத்தின் நாற்பதாம் பக்கம். ஆகவே நானும் தொடவில்லை. நான் தொடாததால் புஷ்பவல்லியும் தொடவில்லை.

துரை ஜெபத்திற்காகக் காத்திருக்கிறார் போலும் என்று எண்ணிக் கண்களை மூடித் தலை குனிந்தேன். அவரும் மரியாதைக்காகக் குனிந்தார். நிமிர்ந்தோம். சூப் அப்படியே இருந்தது. அதன்மேல் மெல்லிய ஆடை படரத் தொடங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையில் இருக்கும் பெண்மணி தொடங்காமல் ஆண்கள் தொடங்குவதில்லை. நான் துரைக்காகக் காத்திருந்தேன். துரை புஷ்பவல்லிக்காகக் காத்திருந்தார். புஷ்பவல்லி எனக்காகக் காத்திருந்தாள். இரண்டு வண்டிகளின் மோதலைத் தடுத்த நான், மூன்று வண்டிகள் அசையாமல் நிற்கும் நிலையத்தை உண்டாக்கிவிட்டேன்.

"புஷ்பம், ஸ்பூனை எடு," என்று பல்லைக் கடித்தபடி சொன்னேன்.

"நீங்க இன்னும் எடுக்கலைங்களே."

துரை உடல்நலம் சரியில்லையா என்று அவளை மலாயில் கேட்டார். அரசாங்க மலாய்ப் பரீட்சையில் தேறியவர் அவர். புஷ்பவல்லியோ பாசாரில் பேரம் பேசித் தேறியவள். அவள் தங்குதடையின்றி மலாயில் விடை சொன்னாள். தன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றும், கணவர் உண்டு முடிக்காமல் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தான் உண்டதில்லை என்றும், அது தங்கள் வீட்டின் சட்டம் என்றும், துவான், அதாவது துரை, தன்னைப் பொருட்படுத்தாமல் உண்ண வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டாள்.

துரை என் பக்கம் திரும்பினார். அச்சுப்பிழையைக் காட்டியபோது அவர் முகம் எப்படி வெளிறியதோ, அப்படியே இப்போதும் வெளிறியது. இது உண்மையா என்று கேட்டார். தலைமைக் குமாஸ்தாவின் நாற்காலி என் கண்முன்னே கார்த்திகேசு வீட்டுப் பக்கமாக நகர்ந்தது.

அந்தப் பழைய வழக்கத்தை நான் ஒழித்துவிட்டேன் என்றேன். எங்கள் வீட்டில் சேர்ந்தே உண்கிறோம், அதிலும் முதலில் தொடங்குபவள் என் மனைவியே, கூச்சத்தினால் அவள் இதை மறந்துவிட்டாள் என்றேன். எப்போது ஒழித்தீர்கள் என்று துரை கேட்டார்.

"சமீபத்தில், சார்," என்றேன்.

துரை மலர்ந்த முகத்தோடு, நான் ஆங்கிலத்தில் சொன்ன ஒவ்வொன்றையும் மலாயில் மொழிபெயர்த்து என் மனைவியிடம் ஒப்படைத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். "துரை சொல்றது நெசமாங்க? நீங்க அப்படியா சொன்னீங்க?"

"ஆமா. ஸ்பூனை எடு."

"இன்னிக்கு மட்டுமா, என்னிக்குமா?"

சூப்பின் ஆடை தடித்துக்கொண்டிருந்தது.

"என்னிக்கும்."

அங்கே கிடந்த பத்துச் சாமான்களில் சரியான வட்டக் கரண்டியை, என்னைப் பாராமலே எடுத்தாள். வெளிப்பக்கமாகத் தள்ளி மொண்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. மீனுக்கு மீன் கத்தி. கோழிக்குக் கோழிக் கத்தி. கடைசியில் வந்த புட்டிங் எனக்குத்தான் டைமேல் விழுந்தது. அதற்குள் அவளும் துரையும் மலாக்கா மீனுக்கும் கிள்ளான் மீனுக்கும் ருசி பேதம் பேசி முடித்து, அடுத்த ஞாயிறு எங்கள் வீட்டில் வாழையிலைச் சாப்பாடு என்றும் முடிவு செய்திருந்தார்கள்.

ரிக்ஷாவில் ஏறியதும், இதையெல்லாம் எங்கே கற்றாள் என்று கேட்டேன். கார்த்திகேசுவின் மனைவி தனலெட்சுமி யாழ்ப்பாணத்தில் மிஷன் விடுதியில் படித்தவளாம். நம் இட்லியைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது ஒரே மத்தியானத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டாளாம். மேசையில் முதலில் தொடங்க வேண்டியது பெண்தான் என்பதையும் சேர்த்து.

"பிறகு எதுக்கு மூணு வாரம் எங்கிட்ட பாடம் கேட்டே?"

"நீங்க சொல்லிக் கொடுக்குறப்ப உங்க முகம் அவ்வளவு அழகா இருந்துச்சுங்க."

அடுத்த வாரம் முழுவதும் அவள் எனக்குப் பயிற்சி கொடுத்தாள். அவள் கை வைத்த பிறகே நான் இலையில் கை வைக்க வேண்டும். பத்திரிகை கூடாது. துரை வந்தார், கண்டார், மகிழ்ந்தார். அந்த மாதமே பதவி எனக்கு வந்தது. பழைய ஒழுங்குக்குத் திரும்பலாமா என்று ஒருநாள் மெல்லக் கேட்டேன். துவான் எப்போது வேண்டுமானாலும் சாப்பிட வருவதாகச் சொல்லியிருக்கிறாரே என்று அவள் நினைவூட்டினாள்.

இன்று எங்கள் குவார்ட்டர்ஸில் பதினொரு வீடுகளில் கணவனும் மனைவியும் சேர்ந்து உண்கிறார்கள். இந்தச் சீர்திருத்தத்தை முதன்முதலில் கொண்டுவந்தவன் நான்தான். அப்படிச் சொல்லிக்கொள்ள எனக்குப் புஷ்பவல்லி அனுமதி கொடுத்திருக்கிறாள்.