கருணாகரன் வீட்டு எர்த் வயர்

நாளைக் காலை நாட்டுக்குச் சுதந்திரம். கருணாகரன் வீட்டுப் புது ரேடியோவோ வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

நேற்று வாங்கி வந்ததும் ஜோராகப் பாடியது. அந்தத் தைரியத்தில் மனிதர் காஜா பெராங் வட்டாரத்தில் பாதிப் பேரை, "பிரகடனம் கேக்க நம்ம வீட்டுக்கு வந்துருங்க" என்று அழைத்துவிட்டார். இன்றைக்கு அதில் விளக்கு மட்டும்தான் எரிகிறது. முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகிப் பார்த்தார். மூச்சில்லை. நாளைக்கு மானம் கப்பலேறிவிடுமே!

"ஏரியல் தாழ்வா இருக்குங்க" என்றாள் மனைவி சந்திரமதி.

"உனக்கென்ன தெரியும்? ஏரியல்தான் தாழ்வா இருக்கு!"

கொல்லைத் தென்னையில் ஏணியைச் சாத்தி ஏறினார். கம்பியை உயர்த்திக் கட்டினார்.

"கேக்குதா?"

"இல்லீங்க. அந்தத் தேங்காக் குலை மறைக்குதோ என்னமோ."

தேங்காய் எப்படி மறைக்கும்? தெரியவில்லை. வெட்டித் தள்ளினார்.

"இப்ப?"

"ம்ஹூம். எர்த் வயரு காஞ்ச மண்ணுல கெடக்கே. ஈரம் வேணாமா?"

ஈரம் வேண்டும் என்று கடைக்காரரும் சொல்லியிருந்தார். மண்வெட்டியை எடுத்தார். குளியலறையை ஒட்டித் தோண்டினார்.

"இல்லீங்க, இன்னும் கொஞ்சம் தள்ளி."

தோண்டினார்.

"கொரகொரங்குது! அப்படியே நேராப் போங்க, வேலிப் பக்கமா!"

வானத்திலிருந்து வரும் பாட்டுக்கு வேலியோரம் என்ன வேலை? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரியாததாலேயே இன்னும் வேகமாக வெட்டினார். கடைசியில் பள்ளம் தெரு லொங்காங்கைப் போய் முட்டியது. குளியலறைக்குப் பின்னால் மாதக்கணக்கில் நாறிக்கொண்டிருந்த தண்ணீர் மடமடவென்று அந்தச் சாக்கடைக்குள் ஓடியது.

சந்திரமதி கொல்லை வாசலிலிருந்து உள்ளே போனாள். சற்று நேரத்தில் நாதஸ்வரம் முழங்கியது.

"வந்துருச்சுங்க!"

கருணாகரன் மண்வெட்டியோடு குதித்தார். கடைக்காரன் என்ன, ரேடியோவைச் செய்தவனே வந்தாலும் இப்படிச் சரிசெய்ய முடியுமா? இடுப்பு கழன்று விழுவதுபோல் இருந்தாலும் மீசையை ஒருமுறை முறுக்கிக்கொண்டார். முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு யூனுஸ் பாயின் மனைவி ஜமீலாவின் குரல் கேட்டது:

"சந்திரமதி, எங்க வீட்டுலயும் நாளக்கழிச்சு ரேடியோ வாங்குறாங்களாம். கூரை வேற ஒழுகுது. பின்பலகையைத் தொறந்து எந்த வால்வைக் கழட்டுனா பாட்டு நிக்கும்னு கொஞ்சம் வந்து காட்டுறியா?"