மாமனார் வூட்ல மாட்டிக்கின ஜீன்ஸ்

போன வாரம் எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். தூத்துக்குடியில மாமனார் கட்டின புது வூட்டுக்கு பால் காய்ச்சுறாங்க. அதுக்குப் போக பை ரெடி பண்ணணும்.

கல்யாணம் ஆகி நாலு மாசம். அதுக்கப்புறம் இப்பதான் அந்த ஊருக்குப் போறேன். மாப்பிள்ளை கெத்து காட்ட வேணாமா? ஒரகடத்துல புதுசா ஒரு ஜீன்ஸ் எடுத்தேன். கால்ல ஒட்டிக்கினு நிக்கிற டைப்பு. கூடவே கறுப்பு கோட்டு, தோல் ஷூ.

என் பொண்டாட்டி கலா பையைத் திறந்து பார்த்தா.

"ஏங்க, எங்க ஊரு கடக்கரை. கசகசன்னு புழுங்கும். நாலு காட்டன் சட்டை, ஒரு கைலி எடுத்து வைங்க."

"மெட்ராஸ் வெயிலையே பார்த்தவன்டி நானு!"

சும்மா வுட்ட பீலா. நான் வேலை செய்யிறது வல்லம் வடகால்ல, செல்போன் பார்ட்ஸ் கோக்குற லைன்ல. உள்ள எந்நேரமும் ஏசி. கம்பெனி பஸ்லயும் ஏசி. நான் வேர்த்தே ரெண்டு வருஷம் ஆவுது!

தூத்துக்குடி போன பஸ்ஸும் ஏசி. புது ஜீன்ஸ், கோட்டு, ஷூ எல்லாம் போட்டுக்கினு கலா பக்கத்துல ஜம்முன்னு தூங்கினேன். காலையில கீழ எறங்கினேன் பாரு... இட்லி குண்டான் மூடியைத் திறந்தா மாதிரி மூஞ்சில அடிச்சுது! ஆட்டோவுல வூடு போய்ச் சேர்றதுக்குள்ள ஷூவுல சளக் சளக்னு சத்தம்.

மாமனார் வாசல்லயே நின்னுகினு இருந்தார்.

"வாங்க மாப்ள! வழியில மழையா?"

"இல்ல மாமா... வேர்வை."

"சரி, சீக்கிரம் வேட்டிக்கு மாறுங்க. புதுசா எடுத்து வச்சிருக்கேன். ஒம்பது மணிக்குள்ள நீங்களும் கலாவும் குத்துவிளக்கோட உள்ள போணும். இருவது நிமிசம்தான் இருக்கு!"

நாங்க வந்து எறங்கினது பழைய வூடு. புது வூடு எதிர்லயே. சொந்தக்காரங்க மொத்தம் வாசல்ல நிக்கிறாங்க.

ரூமுக்குள்ள போய் ஜீன்ஸைக் கழட்டினேன். முட்டி வரைக்கும் வந்துச்சு. அவ்ளோதான்! நனைஞ்ச துணி தோலோட ஒட்டிக்கிச்சு. கீழயும் போவல, மேலயும் வரல. குதிச்சேன். கட்டில்மேல வுழுந்தேன்.

"என்னங்க சத்தம்?" வெளியிலேர்ந்து கலா.

"ஒண்ணுமில்ல!"

"ஒண்ணுமில்லாததுக்கா கட்டில் நகருது?"

அலமாரியில பவுடர் டப்பா இருந்துச்சு. கால்ல கொட்டினேன். வேர்வையோட சேர்ந்து மாவாயிடுச்சு. தோசையே ஊத்தலாம்!

வேற வழியில்லாம கதவைத் திறந்தேன். கலா பார்த்தா. தரையில உக்காந்து சிரிச்சா. அப்புறம் அப்பாவையும் தம்பியையும் கூப்ட்டா.

இடுப்புல துண்டு. ஒரு காலை மாமனார் புடிச்சார், இன்னொண்ணை மச்சான்.

"கட்டிலை நல்லா பிடிச்சுக்கிடுங்க மாப்ள, இழுக்குதோம்!"

இழுத்தாங்க. நானும் வந்தேன், கட்டிலும் வந்துச்சு.

"நேரம் ஆவுது, மாப்பிள்ளை எங்க?" வெளியே ஐயர் குரல் குடுத்தார்.

மாமனார் ஜன்னல் வழியா கத்தினார்: "மாப்ளைக்கு பேண்ட்டு கழல மாட்டேங்கு!"

தெருவே கப்சிப். வாசிச்சுக்கினு இருந்த நாதஸ்வரம்கூட நின்னுபோச்சு.

மாமியார் கதவு இடுக்குல கத்திரிக்கோலை நீட்டினாங்க.

"வெட்டவா?"ன்னா கலா.

"புதுசுடி! இன்னும் ஒரு தபாகூட துவைக்கல!"

அவ சிரிப்பை நிறுத்திட்டா. "அப்பா மூணு வருசமா கடன ஒடன வாங்கி கட்டுன வீடுங்க. நம்ம ரெண்டு பேர் கையால விளக்கு போணும்னு ஆசப்படுதாரு."

மாமனாரைப் பார்த்தேன். பட்டுச் சட்டை நனைய, என் காலைப் புடிச்சிக்கினு தரையில உக்காந்திருந்தார். வெக்கமா பூடுச்சு.

"வெட்டு."

கரக்... கரக்...

ஒம்பதுக்கு மூணு நிமிசம் இருக்கும்போது வேட்டி கட்டிக்கினு விளக்கோட உள்ள போயிட்டோம். மாமனாருக்கு கண்ணு கலங்கிடுச்சு. எனக்கும்தான். ஆனா கூட்டத்துல ஒருத்தரும் விளக்கைப் பார்க்கல. எல்லார் கண்ணும் வேட்டிக்குக் கீழ பவுடர் மாவு அப்பின என் கால்மேலதான்!

பக்கத்து வூட்டு அக்கா கிட்ட வந்து ரொம்ப அக்கறையா கேட்டாங்க: "இப்ப காத்தோட்டமா இருக்கா தம்பி?"

நல்லாவே இருந்துச்சு.